புதுப்பிப்பு: பெங்களூரு குளிரும் லாவெண்டர் எண்ணெயும்

குளிரில் வெடிக்கும் தோலுக்கு லாவெண்டர் எண்ணெய் சரிவருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி தேங்காய் எண்ணெயில்தான் கலந்தேன்: 30 மில்லிக்கு 6 சொட்டு, ஏறக்குறைய 1 சதவீதம். முகத்துக்கு இது போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தேன்; அரிப்பில்லை. வெடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெருமை தேங்காய் எண்ணெய்க்குத்தான் என்பது என் கட்சி. லாவெண்டருக்கு மணம் மட்டும். (டிசம்பர் காலையில் புட்டி உறைந்துபோகிறது. அடுப்பில் காட்டாதீர்கள், மணம் பறந்துவிடும். உள்ளங்கைச் சூடே போதும்.)

எலுமிச்சை எண்ணெய் சேர்க்கச் சொன்ன மல்லேஸ்வரம் அக்காவுக்கு: எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்தெடுக்கும் வகையைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சருமம் கொப்புளிக்கும், கருக்கும். அது வேண்டாம்.

நீலகிரித் தைலம் பற்றிக் கேட்டவருக்கு: கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே கூடாது.