இலைக்கஞ்சிக் கடைப் பலகையில் 'சீனி வருத்தம் குறையும்' எண்டு எழுதலாமா?

சாம்பல்தீவு வாசுகி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு கிழமையா வீட்டில ஒரே சண்டை, அதுதான் இங்க கேக்கிறன்.

கோட்டையடிக் கடற்கரையில விடிய நடக்க வாற ஆக்களுக்கு இலைக்கஞ்சி விக்கலாம் எண்டு யோசிச்சிருக்கிறன். வல்லாரை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை, குறிஞ்சா நாலும் எங்கட வளவில நிக்குது. வல்லாரை மட்டும் போதாது, வெளியிலயும் எடுக்க வேணும். சிவப்பரிசியைக் குழைய விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, அரைச்சுப் பிழிஞ்ச இலைச்சாறைக் கடைசியாத்தான் ஊத்துவன். ஊத்தி ஒரு கொதி வந்ததும் இறக்கிப் போடோணும். கூடக் கொதிச்சா பச்சை நிறம் போய், குளத்துப் பாசி மாதிரி ஆகிடும். மாமியிட்டப் பழகின கை. ஒரு கப் 100 ரூபா, கடிக்கிறதுக்கு ஒரு துண்டு பனங்கட்டி.

இவர் பலகைக்கு எழுதித் தந்தது இது: "இயற்கை விவசாய மூலிகைக் கஞ்சி. சீனி வருத்தம், பிரஷர், மூட்டுவலி குறையும்." தம்பி அப்பிடி எழுதக் கூடாது எண்டு நிக்கிறான். நீங்கள் என்ன சொல்றீங்கள்?

நிலாவெளிச் சித்தம்

தாராளமாக எழுதுங்கள் சகோதரி. நான் கோணேசபுரியில் சித்த மருத்துவம் படித்தவன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பட்டப்படிப்பாகவே சொல்லித் தருகிற அறிவு இது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த மருத்துவர்களும் பதிவு பெற்றே வேலை செய்கிறோம்.

சந்தேகப்படுகிறவர்கள் ஒரு குறிஞ்சா இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு, நாக்கில் கொஞ்சம் சீனி போட்டுப் பாருங்கள். மணலைப் போட்டது போல் இருக்கும், இனிப்பே தெரியாது. குறிஞ்சா என்று நாம் சொல்லும் சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவ்வளவு வலுவுள்ள இலையை வைத்துக்கொண்டு, அது எதற்கு நல்லது என்று சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

இரவுப்பணி

நான் தாதி. அந்த வலுவுள்ள இலைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

போன வருசம் ஒருநாள் விடியப்புறம் ஐம்பது வயது தாண்டின ஒருவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்து கிடந்தது. மனைவியின் பெயரைக் கேட்டால் மகளின் பெயரைச் சொன்னார். குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி வெறும் 38. பாரிசவாதம் என்று நினைத்து அழுதுகொண்டு நின்ற மனைவி, குளுக்கோஸ் ஏற்றி அவர் எழும்பி இருந்த பிறகுதான் சொன்னார்: கிளினிக் மாத்திரையை வழக்கம்போல் போட்டிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குறிஞ்சாச் சாறு குடித்திருக்கிறார். யாரோ நல்லது என்று சொன்னார்களாம்.

சீனிக்கு மெட்போமின் மாத்திரை மட்டும் போடுகிற ஆளுக்கு இப்படி இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் போடுகிறவர்களின் கதை வேறு. வாசுகி அக்காவின் கடைக்கு வருகிறவர் எந்த மாத்திரை போடுகிறார் என்று அக்காவுக்குத் தெரியுமா? கேட்டால்தான் எல்லோரும் சொல்வார்களா?

இன்னொன்று. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் போடுகிறவர்கள், கீரையைத் திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. சிறுநீரக வருத்தக்காரர் பலருக்குப் பொட்டாசியத்துக்காகக் கீரையையே அளந்து சாப்பிடச் சொல்லியிருக்கும். "மூலிகை" என்று கண்டால் முதலில் வந்து குடிப்பவர்கள் இவர்கள்தான்.

நிலாவெளிச் சித்தம்

தங்கச்சி, ஒரு சம்பவத்தை வைத்து ஒரு பரம்பரையின் அறிவை மூடி வைக்கச் சொல்கிறீர்கள். 2022 இல் பாமசிகளில் மருந்து இல்லாமல் சனம் மருந்துத் துண்டைக் கையில் பிடித்தபடி கடைகடையாக அலைந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். அந்த மாதங்களில் என்னிடம் வந்த கிழவர்களுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மாத்திரை வரும் வரைக்கும் பொறுத்திருங்கள் என்றா? ஆவரசம்பூவும் கீழ்காய்நெல்லியும் தெரிந்த ஊர் இது.

கஞ்சியில் சேர்வது ஒரு பிடி இலை. அதில் ஒருவருக்கும் சீனி 38 க்கு இறங்கப் போவதில்லை. வீண் பயம் காட்டாதீர்கள்.

மூதூர் உம்மா

மகள் வாசுகி, நான் படிச்சவ இல்ல, கண்டதைச் சொல்றன். 2017 இல கிண்ணியாவில டெங்கு பரவினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருசம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல டெங்கு எண்டு நியூஸில சொன்னாங்க. கிண்ணியாவில இருக்கிற என்ட தங்கச்சிட பேரனுக்கும் காய்ச்சல். பப்பாசி இலைச் சாறு குடுத்தா இரத்தத்தில அணுக்கள் கூடும் எண்டு தெருவெல்லாம் ஒரே கதை. நாங்களும் அம்மில அரைச்சுப் பிழிஞ்சு குடுத்தோம். கசப்பில புள்ள வாயைத் திறக்காது, மூக்கைப் பிடிச்சுத்தான் ஊத்தின.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டுட்டுது. சாறுதான் வேலை செஞ்சிருக்கு எண்டு நெய்ச்சோறு ஆக்கிச் சந்தோசப்பட்டோம். பின்னேரம் புள்ளைக்கு வயித்துவலி, சத்தி, கைகால் ஐஸ் மாதிரி. தூக்கிட்டு ஓடினோம். டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம் எண்டு அங்கதான் சொல்லித் தந்தாங்க. அல்லாஹ் காப்பாத்தினான், இப்ப பெரிய பொடியன்.

அந்த இலை அவனுக்குக் கெடுதி செஞ்சிச்சு எண்டு நான் சொல்லல்ல. அத நம்பி வீட்டில கிடந்தமே, அந்த ஒரு பகல்தான் எங்களுக்குக் கெடுதி. கஞ்சி வித்துப் பொழைங்க மகள். வருத்தத்தின்ட பேரை மட்டும் எழுத வேணாம்.

இரவுப்பணி

உம்மா சொன்னதுக்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. சித்தம் அண்ணைக்கு ஒரு கேள்வி மட்டும்.

ஒரு பிடி இலையில் சீனி இறங்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பலகையில் "குறையும்" என்று எழுதுவது பொய். இல்லை, உண்மையில் குறையும் என்றால், மாத்திரை போட்டவருக்கு அது கூடுதலாகக் குறையும். இரண்டில் எது? தீமை செய்ய முடியாத அளவுக்குக் கொஞ்சம், நோய் தீர்க்கிற அளவுக்கு நிறைய என்று ஒரே கப்பில் இரண்டும் இருக்க முடியாது.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும், சனத்தைப் பிழையாக எண்ண வைக்கும்படி உணவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்டால் அக்காதான் பதில் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ இல்லை.

உங்கள் வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை அண்ணை. நீங்கள் நாடி பிடித்து, என்ன மாத்திரை என்று கேட்டு, ஆளைப் பார்த்து அளவு சொல்லிக் கொடுக்கிறீர்கள். கடற்கரையில் பிளாஸ்கைத் திறந்து ஊற்றுகிறவர் அதைச் செய்ய முடியாது. சிவப்பரிசியும் பனங்கட்டியும் உள்ள கஞ்சியில் மாச்சத்தும் சீனியும் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

தம்பலகாமம் வயற்காரன்

எல்லாரும் வருத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். எனக்கு உந்தப் பலகையில முதல் சொல்லுத்தான் உறுத்துது: "இயற்கை விவசாய".

தங்கச்சி, வெளியில வல்லாரை எங்க எடுப்பீங்கள்? வல்லாரைக்கு ஈரம் வேணும். எங்கட பக்கம் நல்லா கொழுத்து நிக்கிறது வயல் வரம்பிலயும் வாய்க்கால் ஓரத்திலயும்தான். அந்த வரம்புக்குத்தான் நாங்கள் களைநாசினி அடிக்கிறம். வயலில அடிக்கிற பூச்சி மருந்தும் வடிஞ்சு அந்த வாய்க்காலுக்குத்தான் வருது. அடிச்ச அடுத்த நாள் பார்த்தாலும் இலை பச்சைப் பசேல் எண்டுதான் இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. கீரைக்கட்டுக் கொண்டு போற பொம்பிளையளை நானே ரெண்டு மூண்டு தரம் மறிச்சு, "அக்கா இண்டைக்கு இதில ஆயாதீங்கோ" எண்டு திருப்பி அனுப்பியிருக்கிறன். நான் வீட்டில நிண்ட நாளில எத்தனை கட்டுச் சந்தைக்குப் போச்சுதோ.

தானா முளைச்ச எல்லாத்தையும் இயற்கை எண்டு சொல்ல ஏலாது.

உப்புவெளிப் பசுமை

அண்ணை, அந்த நஞ்சை அடிக்கிறதே நீங்கள்தானே? அதை நிப்பாட்டாமல் கீரை ஆயிற அக்காவைத் திருப்பி அனுப்பி என்ன பிரயோசனம்? மூண்டு வருசமா வீட்டுத் தோட்டத்தில ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல் கத்தரி, பயத்தை, வெண்டி எடுக்கிறன். வேப்பெண்ணெயோட கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கிறன். வெயிலில அடிச்சா அதின்ர வீரியம் கெதியா போயிடும். செய்ய மனம் இருந்தால் வயலிலயும் செய்யலாம்.

தம்பலகாமம் வயற்காரன்

தம்பி, மனம் இருந்துதான் பார்த்தம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டினாங்கள். நவம்பரில திருப்பி விட்டாங்கள், அதுக்குள்ள பெரும்போகம் விதைச்சு முடிஞ்சுது. எனக்கு ஏக்கருக்கு 35 மூட்டை தந்த காணி அந்தப் போகம் 14 தந்தது. பயிர் மஞ்சளிச்சு, கதிர் கட்டையாப் போச்சு. பெண்சாதியின்ர சங்கிலி அடைவுக்குப் போய் இன்னும் திரும்பி வரேல்ல.

கணக்கைப் பாருங்கோ. 50 கிலோ யூரியா மூட்டையில நைதரசன் 23 கிலோ, நூற்றுக்கு 46. பச்சைச் சாணத்தில நூற்றுக்கு அரைதான், அதாவது 0.5. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு குடுக்க 4600 கிலோ சாணம் வேணும். அதுவும் உக்கி உக்கி மெதுவாத்தான் பயிருக்குப் போகும். ஊரில மாடு எத்தனை நிக்குது, அதை இழுக்க உழவு இயந்திரத்துக்கு டீசல் எவ்வளவு? உங்கட கத்தரிப் பாத்திக்குக் குசினிக் குப்பை காணும். என்ர ரெண்டு ஏக்கருக்குக் காணாது.

நான் விட்டுட்டு இருக்கேல்ல. வீட்டுக்குப் பக்கத்து அரை ஏக்கரில சணல் விதைச்சு, பூக்கிற நேரம் மடக்கி உழுறன். வேலியில கிளிசரியா நட்டு இலை வெட்டிப் போடுறன், கோழி எருவும் சேர்க்கிறன். மண் இப்ப கையில பிடிச்சா உதிருது, மண்புழு திரும்பி வந்திருக்கு. விளைச்சல் மற்றத் துண்டிலும் பார்க்கக் குறைவுதான், ஆனா வருசத்துக்கு வருசம் ஏறுது. ஒரு கட்டளையில செய்யிற வேலை இல்லை எண்டுதான் சொல்றன்.

உப்புவெளிப் பசுமை

சங்கிலிக் கதை மனசைக் குடையுது அண்ணை. நான் எழுதினது அவசரம். ஆனா அந்த வருசத்தைக் காட்டி "இயற்கை முறை தோத்துப் போச்சு" எண்டு சொல்லுற ஆக்களோட எனக்கு இன்னும் சண்டைதான். தோத்தது ஆயத்தம் இல்லாமல் செய்த விதம். உங்கட அரை ஏக்கரே அதுக்குச் சாட்சி.

நிலாவெளிச் சித்தம்

தங்கச்சியின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கஞ்சியில் உள்ள அளவு உணவின் அளவு, மருந்தின் அளவு அல்ல. "குறையும்" என்ற சொல்லை நான் ஆதரித்தது பிழை.

ஆனால் இலையின் பெயரையும் மறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைய பிள்ளைகளுக்கு மொசுமொசுக்கை எது, முசுட்டை எது என்று தெரியாது. சில வேலிகளில் கார்த்திகைக் கொடி படர்ந்து நிற்கிறது. அதன் கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டால் உயிரே போகும். இலை தெரியாத தலைமுறைக்கு நஞ்சும் தெரியாது. பெயர்களைப் பெரிதாக எழுதுங்கள். முடிந்தால் ஒவ்வொரு இலையிலும் ஒரு கொப்பைப் போத்தலில் போட்டு மேசையில் வையுங்கள்.

இரவுப்பணி

இதற்கு நானும் சம்மதம். குறிஞ்சா சேர்க்கிற நாளில் அதைத் தனியாக எழுதி வையுங்கள் அக்கா, "சீனிக்கு மாத்திரை போடுகிறவர்கள் சொல்லிவிட்டுக் குடிக்கவும்" என்று. குறிஞ்சாவை விட்டால் இன்னும் நல்லது.

நிலாவெளிச் சித்தம்

விடத் தேவையில்லை. எழுதி வைத்தால் போதும்.

சாம்பல்தீவு வாசுகி

எல்லாருக்கும் நன்றி. இவருக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். உம்மான்ர கதை வந்த இடத்தில எழும்பிப் போய் முத்தத்தில நிண்டார். எங்கட மூத்தவளுக்கும் அந்த வருசம் டெங்கு வந்தது.

பலகையில இப்ப இருக்கிறது: "இலைக்கஞ்சி. இண்டைய இலை:" அதுக்குக் கீழ சோக்கால எழுத இடம். குறிஞ்சாவைக் கிழமையில ஒருநாள் வைப்பம், தங்கச்சி சொன்ன வசனத்தோட. "இயற்கை விவசாய" எண்டதை அழிச்சாச்சு. வல்லாரைக்குக் கிணத்தடியில, குளிக்கிற தண்ணி போற பக்கம் இல்லாமல் மற்றப் பக்கம் ரெண்டு பாத்தி வெட்டியிருக்கிறன். பிடிக்கிற வரைக்கும் மற்ற மூண்டு இலைதான்.

வயற்கார அண்ணை, அந்த அரை ஏக்கர் நெல்லில சிவப்பரிசி இருக்கா? மாசம் 20 கிலோ எடுப்பன்.

தம்பலகாமம் வயற்காரன்

இருக்குது தங்கச்சி. தீட்டாமல் குத்தினது வேணுமா, அரைவாசி தீட்டினதா? தீட்டாததெண்டா முதல் நாள் இரவே ஊறப் போடோணும், இல்லாட்டி விடியக் குழையாது. சனிக்கிழமை ரவுணுக்கு வாறன், ரெண்டு கிலோ கொண்டு வாறன், காய்ச்சிப் பார்த்திட்டுச் சொல்லுங்கோ.