சோப்புக்கு மேலே எண்ணெய் மிதக்கிறது, கீழே தண்ணீர் கசிகிறது. காப்பாற்ற முடியுமா?

பின்கட்டு (காரைக்குடி)

முதல் தடவையாக வீட்டில் குளியல் சோப்பு போட்டேன். மூன்று நாளாகியும் இறுகவில்லை. போட்ட அளவு இது:

தேங்காய் எண்ணெய் 300 மில்லி, நல்லெண்ணெய் 150 மில்லி, விளக்கெண்ணெய் 50 மில்லி, காஸ்டிக் சோடா 77 கிராம், தண்ணீர் 155 கிராம், குப்பைமேனிப் பொடி ஒரு மேசைக்கரண்டி. குறிப்பில் எல்லாமே கிராமில்தான் இருந்தது. எண்ணெயை மட்டும் அளவு டம்ளரில் மில்லியாக ஊற்றினேன். போர் தண்ணீர். எவர்சில்வர் சட்டியில் மோர் மத்தால் 20 நிமிஷம் கடைந்தேன். பால் போல வெளுத்ததும் அச்சில் ஊற்றிவிட்டேன்.

இப்போது மேலே எண்ணெய் ஒரு படலமாக நிற்கிறது. அடியில் தண்ணீர் கசிகிறது. வெட்டிப் பார்த்தால் நடுவில் கற்கண்டுத் தூள் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஓரத்தை ஈரவிரலால் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தேன், சுர்ரென்று இழுத்தது. பச்சையாக இருந்த குப்பைமேனி காக்கி நிறமாகிவிட்டது.

ஐந்து வாரத்தில் அப்பச்சிக்கு மணிவிழா. தாம்பூலப் பையில் போட 60 கட்டி வேண்டும். இதைத் திரும்பக் காய்ச்சினால் சரியாகுமா?

மரச்செக்கு (புதுவயல்)

முதல் தப்பு மில்லி. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 0.92 கிராம்தான். விளக்கெண்ணெய் கொஞ்சம் கனம், 0.96. அப்படியானால் நீங்கள் ஊற்றியது 276, 138, 48, ஆக 462 கிராம். குறிப்புக்கு 38 கிராம் குறைவு.

காரக் கணக்கையும், அதாவது காஸ்டிக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயை முழுசாகச் சோப்பாக்க 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. 500 கிராமுக்கு மொத்தம் 81.4 வரும். அதில் 5 சதவீதம் குறைத்துத்தான் குறிப்பில் 77 என்று போட்டிருக்கிறார்கள். அந்த 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் நின்று தோலைக் காக்கும். உங்கள் 462 கிராமுக்கோ முழுசாகவே 75 போதும். தோலைக் காக்க வேண்டிய எண்ணெய் போனதோடு 2 கிராம் காரமும் மிச்சம் நிற்கிறது. நாக்கில் சுர்ரென்றது அதுதான்.

மற்ற எல்லாம் சரியாக இருந்தால் இதைக் காப்பாற்றலாம். கையுறை போட்டுக்கொண்டு, கசிந்த தண்ணீரையும் விடாமல் முழுவதையும் எவர்சில்வர் சட்டியில் போடுங்கள். 40 கிராம் தேங்காய் எண்ணெய் சேருங்கள். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் அந்தச் சட்டியை வைத்துச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டு, அவ்வப்போது கிளறுங்கள். முதலில் பிரியும், பிறகு கூழாகும், கடைசியில் வாசலின் மாதிரி கண்ணாடித்தன்மை வரும். ஆறவிட்டு நாக்கில் தொட்டுப் பாருங்கள். சுரீர் இல்லையென்றால் அச்சில் அழுத்தலாம். வழவழப்பு வராது, சொரசொரவென்று இருக்கும். குளிக்க ஆகும், தாம்பூலப் பைக்கு எடுபடாது.

அரப்பு (தேவகோட்டை)

புதுவயல்காரர் கணக்கு சரி. ஆனால் 2 கிராம் காரம் கூடினதற்கு இவ்வளவு எண்ணெய் பிரியாது. அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, கடைந்த பதம். பால் போல வெளுப்பது ஆரம்பம்தான். மத்தைத் தூக்கினால் மேலே விழுகிற கோடு உடனே மறையாமல் நிற்க வேண்டும், தோசை மாவுப் பதம். கையால் கடைந்தால் இந்தக் கலவைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். கை பிளெண்டர் இருந்தால் பத்து விநாடி ஓட்டி, பத்து விநாடி நிறுத்திக் கையால் கிளறி, மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். மார்கழிக் காலையில் இன்னொரு ஏமாற்று உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். கலவை ஆறிக் கெட்டிப்பட்டதைப் பதம் என்று நினைத்து ஊற்றினால் மறுநாள் பிரிந்து நிற்கும். எண்ணெயும் காரத் தண்ணீரும் 38 முதல் 43 டிகிரிக்குள் இருக்கும்போது கலந்தால் இந்தச் சந்தேகமே வராது. மர மத்தும் வேண்டாம். காரம் மரநாரை அரித்துச் சிம்பு சிம்பாக உதிர்க்கும். அந்த மத்தை இனி மோருக்கு எடுக்காதீர்கள்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். அந்த நல்லெண்ணெய் பாக்கெட்டை எடுத்து, சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். விளக்கெண்ணெயும் ஆமணக்கெண்ணெய்தானா, இல்லை "விளக்கு எண்ணெய்" என்று விற்கிற தீப எண்ணெயா?

பின்கட்டு (காரைக்குடி)

ஆச்சி, விளக்கெண்ணெய் ஆமணக்குத்தான், தேன் மாதிரி கெட்டியாக இருக்கிறது. நல்லெண்ணெய் பூஜைச் சாமான் அலமாரியிலிருந்து எடுத்தது. "தீபம் ஏற்ற மட்டும், உண்பதற்கு அல்ல" என்று போட்டிருக்கிறது. என்னென்ன கலந்தது என்று எதுவும் போடவில்லை.

அரப்பு (தேவகோட்டை)

அப்படியானால் இதை விட்டுவிடுங்கள்.

தீபத்துக்கு என்று விற்கிற எண்ணெயில் மலிவான வேறு எண்ணெய்கள் கலந்திருக்கலாம், கனிம எண்ணெயும் இருக்கலாம். கனிம எண்ணெய் காரத்தோடு சேரவே சேராது, எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் மேலே மிதக்கும். அந்த 150 மில்லியும் நல்லெண்ணெயாக இருந்தால் மிச்சக் காரம் 2 கிராம். எதுவுமே சோப்பாகாத எண்ணெயாக இருந்தால் 20 கிராம். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு எண்ணெய் சேர்ப்பது? கணக்குப் போட முடியாத சோப்பை உடம்பில் போடக் கூடாது, அதுவும் பிறத்தியாருக்குக் கொடுக்கக் கூடாது.

கையுறையோடு எடுத்து, பின்கட்டில் பாசி படிந்த வெறும் சிமெண்ட் தரையைத் தேய்க்கப் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், காரம் பட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். பட்டாசாலையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லிலும் வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் என்றதும் இன்னொன்று. காரம் கலக்கிற வேலையையே அந்தத் தரைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சிந்தினால் உடனே வினிகரோ எலுமிச்சையோ ஊற்றத் தோன்றும். அது சிமெண்ட் கல், புளிப்புப் பட்டால் மேல்பூச்சை அரித்து மங்கலாக்கிவிடும். தண்ணீர் விட்டுத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் சரி. கையில் பட்டாலும் வினிகர் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் 15, 20 நிமிஷம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் அதேபோலக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

மரச்செக்கு (புதுவயல்)

எண்ணெய் லேபிளை நான் கேட்காமல் விட்டுவிட்டேன், ஆச்சி கேட்டது நல்லதாயிற்று. திரும்பக் காய்ச்சச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

புதுசாகப் போட இன்னும் நேரம் இருக்கிறது. சோப்பு நான்கு வாரம் காற்றில் உலர வேண்டும், ஆறு வாரம் என்றால் இன்னும் உத்தமம். ஐந்து வாரத்தில் விசேஷம் என்றால் இந்த வாரமே எல்லாவற்றையும் போட்டு முடிக்க வேண்டும்.

நல்லெண்ணெயை விட்டுவிட்டு இலுப்பை எண்ணெய்க்கு மாறுங்கள். நல்லெண்ணெய் நல்ல நுரை தராது, கட்டியை இறுகவிடாமல் மென்மையாக்கும், அதிகம் போட்டால் சிக்கும் அடிக்கும். இலுப்பையில் இறுகுகிற கொழுப்பு அதிகம், கட்டி சீக்கிரம் நிற்கும். செக்கில் ஆட்டிய சுத்த இலுப்பை எண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். அதிலும் தீபத்துக்கென்று கலப்பு விற்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய் 250 கிராம், இலுப்பை எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் 75 கிராம், தண்ணீர் 150 கிராம். எல்லாம் தராசில், தண்ணீர் உட்பட. தராசு ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். இலுப்பைக்கு நான் 0.137 என்று வைத்துக் கணக்குப் போட்டேன், முழுக்காரம் 79.5 வருகிறது. அதில் 75 போட்டால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலாகவே எண்ணெய் மிச்சம் நிற்கும். தேங்காய் எண்ணெயைப் பாதியோடு நிறுத்தியதும் காரணத்தோடுதான். அதுதான் நம் உப்புத் தண்ணீரில் நுரை தருவது, ஆனால் 60 சதவீதம் போனால் சிலருக்குத் தோல் வறண்டு இழுக்கும்.

இதில் சுமார் 725 கிராம் கலவை வரும், நூறு கிராமாக வெட்டினால் ஏழு கட்டி. முதலில் இந்த அரைக்கிலோவை மட்டும் போடுங்கள். மறுநாள் சரியாக வெட்ட வந்தால், ஒரு கிலோ எண்ணெயாக நான்கு தடவை போட்டால் 56. மொத்தம் 63 ஆகிவிடும். ஒரேயடியாக நான்கு கிலோ கலக்குவது புதியவர் வேலையில்லை. பெரிய அச்சில் நடுப்பகுதி சூடேறிப் பொங்கி வெடிக்கும்.

பின்கட்டு (காரைக்குடி)

சரி அண்ணே. காஸ்டிக் ஹார்டுவேர் கடையில் உதிரியாக வாங்கியது, அதையே போடலாமா? தண்ணீர் எது? குப்பைமேனி பச்சையாகவே நிற்க வழி உண்டா?

அரப்பு (தேவகோட்டை)

காஸ்டிக்: வெள்ளைச் செதிலாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் சலசலவென்று இருந்தால் போடலாம். திறந்த மூட்டையில் கிடந்து ஈரம் வாங்கிக் கட்டியானது என்றால் வேண்டாம். 75 கிராம் என்று நிறுத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கும், சோப்பு கொழகொழவென்று நிற்கும். சாக்கடை அடைப்பு நீக்குகிற பாக்கெட்டும் ஆகாது, சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். சலவை சோடா, சமையல் சோடா இரண்டும் வேறு சரக்கு.

தண்ணீர்: காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அருமை, ஆனால் எந்த நிலத்தடி நீரிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகும். மருந்துக் கடையிலோ பேட்டரிக் கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும். காரத்தில் ஆசிட் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் எரிமலை மாதிரி பொங்கும். கலக்கிய உடனே 80, 90 டிகிரிக்கு ஏறும், ஆவி மூக்கை அடைக்கும். பின்கட்டில் காற்றோட்டமான இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. கண்ணாடிப் பாத்திரம் சூட்டில் விரிசல் விடும், எவர்சில்வரே போதும்.

நிறம்: இலைப் பச்சை காரத்தில் நிற்காது. குப்பைமேனி, துளசி, வேப்பிலை எல்லாம் காக்கியாகும், செம்பருத்தி பழுப்பாகும். மஞ்சள் முதலில் செங்கல் நிறமாகி, நாள்பட மங்கும். அரைக்கிலோ எண்ணெய்க்கு அரைத் தேக்கரண்டி போதும், கூடினால் துண்டில் கறை. நிற்கிற நிறம் வேண்டுமென்றால் செம்மண் நிறத்தில் காவிக் களிமண் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் எண்ணெயில் குழைத்துச் சேருங்கள். அழகுசாதனத் தரத்தில் வாங்க வேண்டும், கோலத்துக்கு விற்கிற காவி வேண்டாம்.

நிலைக்கதவு (கானாடுகாத்தான்)

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். சோப்புக்குப் பதில் நலங்கு மாவு அரைத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால், போன தடவை ஒரே மாதத்தில் வண்டு வைத்துவிட்டது, உடம்பும் எரிந்தது. பாசிப்பயறு 500, கடலைப்பருப்பு 250, ஆவாரம்பூ 100, ரோஜா இதழ், வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போக அரிசி தலா 50 கிராம்.

அரப்பு (தேவகோட்டை)

எரிந்ததற்கு முதலில் மில்லைச் சந்தேகப்படுங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் கொடுத்திருந்தால் அடுத்த இரண்டு படி மாவிலும் காரம் இறங்கும். சீயக்காய் அரைக்கிற மிஷின் எங்கே என்று கேட்டுக் கொடுங்கள். அடுத்தது கார்போக அரிசி. அதைப் பூசி வெயிலில் போனால் சிலருக்குத் தோல் எரிந்து கறுக்கும். எல்லோருக்கும் கொடுக்கிற மாவில் அதை விட்டுவிடுவதே நல்லது, அந்த 50 கிராமுக்குக் கோரைக்கிழங்கு போடலாம்.

வண்டுக்குக் காரணம் ஈரம். பயறைக் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும், ரோஜா இதழ் விரலில் நொறுங்க வேண்டும். மூன்று நல்ல வெயில் தேவை. வெட்டிவேரை அரை அங்குலமாக நறுக்காவிட்டால் மிஷினில் சுற்றிக்கொள்ளும். அரைத்த மாவு சுடச்சுட வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, அதிலேயே பூஞ்சணமும் வண்டும் வரும். காகிதத்தில் பரப்பி ஆறவிட்டுச் சலித்து, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்து, சில்லென்று இருப்பது போன பிறகுதான் பிரிக்க வேண்டும். குளியலறையில் டப்பாவை வைக்காதீர்கள்.

பின்கட்டு (காரைக்குடி)

அரைக்கிலோ போட்டு முடித்தேன். பிளெண்டரில் நான்கு நிமிஷத்தில் கோடு நின்றது. 24 மணி நேரத்தில் வெட்ட வந்தது, உள்ளே ஒரே சீராக இருக்கிறது. ஆனால் மேலே மட்டும் திருநீறு தூவினது போல ஒரு வெளுப்பு. மறுபடியும் காரமா?

மரச்செக்கு (புதுவயல்)

அந்தப் பொடியை விட்டு, வெட்டிய முகத்தில் ஈரவிரலால் தேய்த்து நாக்கில் வையுங்கள். சுரீர் இல்லையென்றால் பயமில்லை. மேலே இருக்கிற காரம் காற்றோடு சேர்ந்து சோடாச் சாம்பலாகப் படிந்தது அது, உள்ளே இருக்காது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அடுத்த தடவை ஊற்றியதும் அச்சை ஒரு நாள் மூடி வைத்தால் பெரும்பாலும் வராது.

மாடியறையில் மரப்பலகையில் தாள் விரித்து, கட்டிக்குக் கட்டி ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். வெயில் நேராகப் படக் கூடாது. பித்தளை, செம்பு, இரும்புத் தட்டு எதுவும் வேண்டாம், அது பட்ட இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கடிக்கும். வாரம் ஒரு தடவை திருப்பி வையுங்கள். தாம்பூலப் பைக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், மழை நாளில் உள்ளேயே வேர்க்கும். வெண்தாளில் சுற்றி, என்னென்ன எண்ணெய், எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். அன்பளிப்பாகக் கொடுப்பது வரை இது போதும். யாராவது விலைக்குக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விற்பதற்காகச் சோப்பு தயாரிக்க 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.

மீதி நான்கு கிலோவையும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள்.