ப்ரோன்டே பிஸ்தா ஏன் இந்த விலை?

கேள்வி: சிசிலியில் எட்னா எரிமலையடி ஊரான ப்ரோன்டேவுக்குப் போகிறோம். அந்த ஊர் பிஸ்தா மட்டும் ஏன் யானை விலை?

பதில்: எரிமலைக் குழம்பு இறுகிய கரடுமுரடுப் பாறையில் மரம் நிற்கிறது. இயந்திரம் நுழையாது, கையால்தான் பறிக்க வேண்டும். அதுவும் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். இடையில் வரும் ஆண்டில் மொட்டுகளைக் கிள்ளி மரத்துக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். பருப்பின் தோல் கத்தரிப்பூ நிறம், உள்ளே பளிச்சென்ற பச்சை.

இன்னொருவர்: சரி, ஊர்க் கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள். 1799-இல் சிசிலியை ஆண்ட அரசர் ஃபெர்டினான்டு இங்குள்ள நிலங்களைப் பட்டத்தோடு ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்குத் தூக்கிக் கொடுத்தார். 1860-இல் நிலம் கேட்டுக் கலகம் வெடித்தது. சிசிலியை அந்த அரச வம்சத்திடமிருந்து விடுவிக்க வந்த இத்தாலியப் புரட்சித் தலைவர் கரிபால்டியின் தளபதி பிக்சியோ ஐந்து பேரைச் சுட்டுக் கொல்ல வைத்தார். விடுதலை வந்த லட்சணம்!

கேட்டவர்: அப்புறம், சாப்பிட?

பதில்: பிஸ்தா பெஸ்ட்டோ (அரைத்த விழுது) போட்ட பாஸ்தா. க்ரீம் வாங்கினால் ஜாடியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் சர்க்கரை முதலில் இருந்தால் வைத்துவிடுங்கள்.