குடும்ப கோர்ட் வக்கீல் ஆன்லைன்ல விளம்பரம் பண்ணலாமா?

புது_கவுன்:
ஃபேமிலி கோர்ட்ல தனியா ப்ராக்டிஸ் ஆரம்பிச்சிருக்கேன். ஒரு ஏஜென்சி கூகுள் ஆட்ஸ், இன்ஸ்டா ரீல்ஸ், ஸ்டார் ரிவ்யூனு ஒரு பேக்கேஜ் சொல்றாங்க, "ஒரே வாரத்தில் விவாகரத்து"னு ஹெட்லைனும் ரெடி பண்ணிட்டாங்க. போகலாமா?

வாய்தா_ராஜா:
தொடாதீங்க. வக்கீல்களோட தொழில் ஒழுக்கத்தை பாக்குற பார் கவுன்சிலோட விதி 36 தெளிவா தடுக்குது, நேரடி விளம்பரமும் கூடாது, சுத்தி வளைச்சு கேஸ் பிடிக்கிறதும் கூடாது. 2008ல திருத்தி வெப்சைட்டுக்கு மட்டும் இடம் கொடுத்தாங்க, பேர், அட்ரஸ், போன், இமெயில், என்ரோல்மென்ட் விவரம், படிப்பு, என்ன மாதிரி கேஸ் பாக்குறீங்க, அவ்ளோதான். 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட் ஆன்லைன்ல கேஸ் தேடுற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டுச்சு. அந்த ஹெட்லைன் சுத்தப் பொய் வேற. பரஸ்பர சம்மதம்னாலும் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டு 6 மாசம் காத்திருக்கணும், அந்த 6 மாசத்தை கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா அது கேட்ட உடனே கிடைக்கிற விஷயம் இல்ல.

டிஜிட்டல்_செல்வா:
சார் ஹெட்லைன் தப்புதான், அதுல எனக்கும் உடன்பாடு இல்ல. ஆனா இந்த விதியால யாருக்கு லாபம்னு யோசிங்க. அப்பா வக்கீல், மாமா ஜட்ஜ்னு இருக்கவங்களுக்கு கேஸ் தானா வருது, முதல் தலைமுறையா வந்தவங்க என்ன பண்ணுவாங்க? அமெரிக்காவுலயும் தடை இருந்துச்சு, அரிசோனாவுல பேட்ஸ்னு ஒரு வக்கீலும் அவர் பார்ட்னரும் பேப்பர்ல ரேட் போட்டு விளம்பரம் கொடுத்தாங்க, அதுல எதிர்ப்பில்லாத விவாகரத்துக்கும் ரேட் இருந்துச்சு, 1977ல அவங்க சுப்ரீம் கோர்ட் அந்த விளம்பரத்தை தடுக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஃபீஸ் எவ்ளோனு முன்னாடியே தெரிஞ்சா கட்சிக்காரங்களுக்கு நல்லதுதானே.

மீண்டு_வந்தவ:
நீங்க ரெண்டு பேருமே வக்கீல் பக்கத்துல இருந்தே பேசுறீங்க. நான் அந்தப் பக்கம் இருந்தவ. ஒரு வக்கீல் ஆபீஸ் வெப்சைட்ல ஃபார்ம் ஃபில் பண்ணேன், என் வீட்டுக்காரர் ஹால்ல டிவி பாத்துட்டு இருக்கார், என் போன் சார்ஜ்ல அவர் பக்கத்துல, "மேடம் உங்க டைவர்ஸ் என்கொயரி"ன்னு வாட்ஸ்அப் வந்து லாக் ஸ்கிரீன்லயே தெரியுது. அந்த ராத்திரி எப்படிப் போச்சுன்னு இங்க எழுத முடியாது. எந்த நம்பர்ல கூப்பிடலாம், எத்தன மணிக்கு, மெசேஜ் அனுப்பலாமா வேண்டாமா, இந்த மூணு கேள்வி அந்த ஃபார்ம்ல இருந்திருந்தா போதும். ஆட்ஸ் பத்தி பேசுறவங்க ஏன் இத பேசவே மாட்டேங்கிறீங்க?

டிஜிட்டல்_செல்வா:
மேடம் இது ரொம்ப முக்கியமான பாயிண்ட். கூகுளே டைவர்ஸ் சர்வீஸை தனிப்பட்ட கஷ்டம்ங்கிற வகையில வச்சிருக்கு, சைட்டுக்கு வந்தவங்கள அடையாளம் வச்சு பின்னாடியே துரத்துற விளம்பரத்துக்கு அனுமதி இல்ல. அந்த ஏஜென்சி இதையே ரீமார்க்கெட்டிங்னு பேர் வச்சு பண்றோம்னு சொன்னா உடனே எந்திரிச்சு வந்துடுங்க. ஆனாலும் ராத்திரி 2 மணிக்கு "குழந்தை யார்கிட்ட இருக்கும்"னு தேடுறவங்களுக்கு தமிழ்ல உருப்படியா எதுவும் கிடைக்கலன்னா, அவங்க பொய் சொல்ற புரோக்கர்கிட்டதான் போய் மாட்டுவாங்க.

வாய்தா_ராஜா:
அப்போ எழுதட்டும், நான் வேண்டாம்னே சொல்லலையே. ஜீவனாம்சம் கேக்க என்ன பேப்பர் வேணும், பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு கூப்பிடலாம், இதையெல்லாம் எழுதலாம். கடைசியில "உடனே அழைக்கவும்"னு பட்டன் வச்சா அதுவும் கேஸ் பிடிக்கிறதுதான். ரிவ்யூ பக்கமே போகாதீங்க. ஒருத்தர் கோவத்துல ஒரு ஸ்டார் போடுவார், நீங்க பதில் சொல்லணும்னா அவர் கேஸ் விவரத்த சொல்லணும், அந்த ரகசியத்த காப்பாத்துறது உங்க கடமை.

டிஜிட்டல்_செல்வா:
பட்டன் விஷயத்துல ஒத்துக்க முடியாது சார். 2008 திருத்தமே போன் நம்பர் போடலாம்னு சொல்லுது, அத தொட்டா கால் போகுற மாதிரி வச்சா அது எப்படி குத்தமாகும்?

வாய்தா_ராஜா:
நம்பர் இருக்கட்டும். "உடனே"ங்கிறத எடுங்க.

புது_கவுன்:
ஏஜென்சிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். சைட் நானே பண்றேன், ஃபார்ம்ல அந்த மூணு கேள்வி முதல்ல வரும். எதிர்தரப்பு பேரும் அங்கயே கேக்கணும்ல, அவங்க ஏற்கனவே என்கிட்ட வந்திருந்தா?

வாய்தா_ராஜா:
கண்டிப்பா. பேர் மட்டும் கேளுங்க, கதை கேக்காதீங்க. ரெண்டு பக்க ரகசியமும் கைல இருந்தா ரெண்டு பேர்ல யாருக்குமே ஆஜராக முடியாது.