ஐஎம்எஸ் கருவி காலையில் மட்டும் அளவுதிருத்தத்தில் தோற்கிறது: ஈரமா, அழுத்தமா?

பாயான்லெப்பாஸ்_ஷிஃப்ட்
வணக்கம். சரக்குக் கிடங்கில் வெடிபொருள் துகள் சோதனைக்கு மேசைமேல் வைக்கும் ஐஎம்எஸ் (அயனிகள் நகர்வுக் குழாயைக் கடக்கும் நேரத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி). உள்ளே நிக்கல்-63 கதிரியக்க மூலம், எதிர்மின் அயனி முறை. இரவு 11க்குக் கருவியையும் ஏர்கோனையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். காலை 6க்குப் போட்டால், 11.0 மில்லிவினாடியில் வரவேண்டிய அளவுதிருத்தச் சிகரம் (தெரிந்த பொருளொன்றின் சைகை உச்சம்) 11.3இல் வருகிறது, அகலமாகவும் இருக்கிறது. 9 மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். காற்றழுத்த மாற்றம் என்று சர்வீஸ் ஆள் சொல்கிறார், சரியா?

இன்னொன்று, தீபாவளிக்கு அடுத்த வாரம் அட்டைப்பெட்டிகளில் நைட்ரேட் அலாரம் விடாமல் அடித்தது. வரம்பை உயர்த்தலாமா? லேசரால் பொருளை அடையாளம் காணும் கையடக்க ராமன் கருவி வாங்கினால் தொல்லை தீருமா?

சிப்பாங்_லேப்
அழுத்தம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஒரு நாளில் அழுத்தம் ஏறி இறங்குவது 3, 4 ஹெக்டோபாஸ்கல்தான். 1010இல் அது 0.4 சதவீதம்கூட இல்லை. 11 மில்லிவினாடிக்கு 0.04 தள்ளும், அவ்வளவே. உங்களுடையது 0.3, அதாவது 2.7 சதவீதம். வெப்பநிலை என்றால் நகர்வுக் குழாயில் கிட்டத்தட்ட 10 டிகிரி பிழை வேண்டும். அவ்வளவு பிழைக்குக் கருவியே 'தயார்' என்று காட்டாது.

அளவுதிருத்தச் சிகரத்தை மட்டும் பார்க்காமல் கருவி தானே உண்டாக்கும் குளோரைடு வினை அயனியின் சிகரத்தையும் காலை 6க்கும் 10க்கும் குறித்து இங்கே போடுங்கள். அழுத்தமோ வெப்பமோ காரணமென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நகரும். ஈரமென்றால் சின்ன அயனிதான் அதிகம் நகரும், ஏனென்றால் தண்ணீர் மூலக்கூறுகள் அதைத்தான் இறுக்கமாகச் சூழ்ந்துகொள்ளும்.

பாயான்லெப்பாஸ்_ஷிஃப்ட்
பார்த்தேன் அண்ணே. குளோரைடு 10 மணிக்கு 6.6, காலை 6க்கு 7.0. அளவுதிருத்தி 11.0, 11.3.

சிப்பாங்_லேப்
அது 6 சதவீதம், இது 2.7. ஈரம்தான், சந்தேகமே வேண்டாம்.

இது ஏன் ஆபத்து என்றால், கருவி டிஎன்டியைத் தேடும் இடத்தை அளவுதிருத்தியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அளவுதிருத்தியான 4-நைட்ரோபென்சோநைட்ரைலின் குறைக்கப்பட்ட நகர்திறன் (நிலையான வெப்ப, அழுத்தத்துக்கு மாற்றிய நகர்வு வேகம்) 1.65, டிஎன்டிக்கு 1.54. ஆகவே 11.0 × 1.65 ÷ 1.54 = 11.79 மில்லிவினாடி. அழுத்தம் மாறினால் இந்த விகிதம் நிற்கும். ஈரத்தில் ஒவ்வொரு அயனியும் ஒவ்வொரு அளவில் தள்ளிப்போவதால் விகிதமே நம்பத்தக்கதாக இருக்காது. அளவுதிருத்தம் எப்படியோ தேறிவிட்டாலும் டிஎன்டியைத் தேடும் நேரச் சன்னல் தவறான இடத்தில் திறந்திருக்கும்.

மூலகாரணம் இரவில் அணைப்பது. பம்ப் நின்றதும் கிடங்கின் ஈரக்காற்று மெல்ல உள்ளே ஏறுகிறது. காலையில் அது வெளியேற மூன்று மணி நேரம் பிடிக்கிறது. காத்திருப்பு நிலையில் விட்டுவிடுங்கள். மின்செலவுக்குப் பயந்து அணைப்பவர்களிடம், முதல் மூன்று மணி நேரச் சோதனை செல்லாது என்று எழுத்தில் கொடுங்கள், கேட்பார்கள்.

உலர்த்திக் குப்பியையும் மாற்றுங்கள். அதிலுள்ள மூலக்கூறு சல்லடை (ஈரம் உறிஞ்சும் மணிகள்) வெளிப்பார்வைக்குப் புதிதாகவே தெரியும், நிறம் மாறுவது அதோடு கலந்த காட்டி மணிகள் மட்டுமே. வீட்டு ஓவனில் வறுத்துத் திரும்பப் போடும் பழக்கம் வேண்டாம். 250 டிகிரிக்கு மேல், உலர் வாயு ஓட்டத்தில், பல மணி நேரம் வைத்து, மூடியபடியே ஆறவிட வேண்டும். திறந்து ஆறவிட்டால் நம் காற்றிலேயே மறுபடி நனைந்துவிடும். கரிமப் பொருள் ஏறிய சல்லடைக்கு அதுவும் உதவாது. புதுக் குப்பிதான் வழி.

எது செய்தாலும் மூலம் இருக்கும் பகுதியைத் திறக்காதீர்கள். நிக்கல்-63இன் அரைவாழ்வு சுமார் 100 ஆண்டு. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் வரும் பொருள் அது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் கையே வைக்கக்கூடாது. பழைய கருவியைப் பழைய இரும்புக்குப் போடுவதும் அப்படித்தான்.

ஜெலுத்தோங்_கெமிஸ்ட்
அலாரம் பற்றி. வரம்பைத் தொடாதீர்கள். முதலில் எதையும் துடைக்காத புதுச் சுவாப்பை (துகள் எடுக்கும் துடைப்புத் துண்டு) செருகுங்கள். அதற்கே அடித்தால் அழுக்கு கருவியில் இருக்கிறது: வெப்பச் சுத்திகரிப்பு ஓட்டி, மூன்று வெற்றுச் சுவாப் அடுத்தடுத்துச் சுத்தமாக வரும்வரை வேலை தொடங்க வேண்டாம். வெற்றுச் சுவாப் சுத்தம், பெட்டி மட்டும் அடிக்கிறது என்றால் அது மெய்யான நைட்ரேட். பட்டாசு தொட்ட கையாக இருக்கலாம். ஆனால் என் முதல் சந்தேகம், பாலிக் பூலாவ் தோட்டங்களுக்குக் கலப்பு உரம் ஏற்றிய அதே லோரி. கையுறையைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றுகிறார்களா என்று பாருங்கள், ஒரே கையுறை முழு பாலெட்டையும் மாசுபடுத்தும். அலாரம் வந்த பெட்டியைத் துடைத்துவிட்டு மறுபடி சோதிப்பது சோதனையே ஆகாது. அதற்கென்று உள்ள நடைமுறைப்படி ஒதுக்கிவைத்து மேலே தெரிவியுங்கள்.

ராமன் வேறு வேலைக்கு. ஐஎம்எஸ் நானோகிராம் பார்க்கும். சாதாரண கையடக்க ராமனுக்குக் கண்ணுக்குத் தெரியும் பொடியோ திரவமோ வேண்டும். கண்ணாடிப் புட்டிக்கு வெளியிலிருந்தே படிக்கும் என்பது நல்ல வசதி, அம்மோனியம் நைட்ரேட்டின் சிகரம் 1043 செ.மீ⁻¹இல் கூர்மையாக நிற்கும். அட்டைமேல் படிந்த துகளுக்கு 785 நானோமீட்டர் லேசரை அடித்தால் அட்டையின் ஒளிர்வுதான் திரை முழுக்க. 1064 ஓரளவு தேவலை. கறுப்பான பொடியில் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள், லேசரை உறிஞ்சிச் சூடாகித் தீப்பிடிக்கும்.

பாயான்லெப்பாஸ்_ஷிஃப்ட்
நேற்றிரவு அணைக்காமல் விட்டோம். காலை 6க்கு குளோரைடு 6.6, அளவுதிருத்தி 11.0. குப்பிக்கு ஆர்டர் போட்டாச்சு.