‘உயிரிவளி’ வேண்டாம், ‘மூட்டவளி’ சரிவருமா?

அண்ணே, வணக்கம்.

அரிசி ஆலைகளுக்கான கையேட்டு வரைவில், கேசிஃபையரிலிருந்து (விறகையும் உமியையும் குறைந்த காற்றில் எரித்து எரிவாயுவாக்கும் உலை) வரும் வாயுவுக்கு ‘உயிரிவளி’ என்று போட்டிருக்கிறோம். மேல்விலங்குக்குப் பதில் புள்ளி விழுந்தால் ‘உயிர்வளி’, அதாவது ஆக்சிஜன்! உள்ளே இருப்பதோ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. ‘கரிவளி’ என்றால் கார்பன் டை ஆக்சைடு என்று நினைப்பார்கள். ‘கேஸ் பிளாண்ட்’ என்றால் நம் பக்கம் சாணவாயுதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, காற்றை மட்டுப்படுத்திக் கரி மூட்டம் போடுகிறார்களே, அதே வேலைதானே இதுவும்? ‘மூட்டவளி’ என்று வைத்தால் என்ன?

———

தம்பி,

‘உயிரிவளி’யை எடுத்துவிடுவது சரி. ‘மூட்டவளி’யில்தான் இடிக்கிறது. மூட்டத்தில் கரியை மிச்சம் பிடிக்கிறோம்; உலையில் அந்தக் கரியையே வாயுவாக்குகிறோம். வாயுவைக் கீழ்நோக்கி இழுக்கும் ‘கீழிழுப்பு’ உலையில் மேலிருந்து நான்கு தட்டு: விறகு காய்வது, மூட்டமாவது, எரிவது, கடைசியில் செங்கரி. எரிதட்டில் உண்டான கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சுமார் 800 டிகிரிக்கு மேலான செங்கரியில் பட்டுத்தான் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகின்றன. இரண்டாம் தட்டின் புகை அப்படியே வெளியே வந்தால் அது வெறும் கீல் (தார்). விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் நடப்பது அதுதான்: செங்கரி சூடு குறையும், கீல் உடையாது, எஞ்சின் வால்வில் போய் ஒட்டும். ஆகவே ‘மூட்டம்’ என்பதை பைராலிசிஸுக்கு, அதாவது விறகு சூட்டில் சிதைந்து கரியாவதற்கு, வைத்துக்கொள்ளலாம், அருமையான சொல். வாயுவுக்கு ‘உலைவளி’.

———

அண்ணே, ‘உலைவளி’ ஏற்கிறேன். அப்படியே இன்னும் இரண்டு. உமி உலையில் சூடு எல்லை மீறினால் சாம்பல் உருகிக் கட்டியாகிக் கம்பித்தட்டை அடைக்கிறதே, கிளிங்கர்? கொல்லர் சொல்லும் ‘சிட்டம்’ போதும். விறகுத் துண்டு ஒழுங்கில்லாமல் மேலே கவ்விக்கொண்டு கீழே வெற்றிடம் விழுவதற்கு?

———

அதற்கு ‘பாலம் கட்டுவது’ வேண்டாம், அது ஆங்கில ‘பிரிட்ஜிங்’கின் நிழல். ‘கவ்வல்’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பக்கத்திலேயே அளவையும் எழுதுங்கள்: சிறு உலைக்கு 2 முதல் 5 செ.மீ. துண்டு; ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு. எச்சரிக்கைப் பலகையில் மட்டும் ‘உலைவளி’யோடு நிறுத்தாமல் ‘நச்சுவாயு’ என்றும் சேருங்கள். புதுச்சொல்லைப் பார்த்து யாரும் ஒதுங்கி நிற்கமாட்டார்கள்.