நிறைமாலையா, நிறை நிறமாலையா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் பல்கலைக்கழகப் புரோட்டியோமிக்ஸ் (புரதங்களை ஒட்டுமொத்தமாக ஆராயும் துறை) ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவருபவர்களுக்காக ஒரு வழிகாட்டியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஒருவாறு வந்துவிட்டது. "ஜெல்லை வெறுங்கையால் தொடாதீர்கள், உங்கள் தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் மாதிரியில் ஏறிவிடும்." "எஸ்.டி.எஸ். போன்ற சலவைப்பொருள் கலந்திருந்தால் முன்பே சொல்லுங்கள். புரதத் துண்டுகளான பெப்டைடுகளின் சைகையை அது அமுக்கிவிடும்." தலைப்பில்தான் நின்றுவிட்டேன்.

மூலக்கூறுகளின் நிறையை அறிய உதவும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியின் பெயரை "நிறை நிறமாலைமானி" என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த இளநிலை மாணவி, "இது புரதத்தின் நிறத்தைப் பார்க்கிற கருவியா அக்கா?" என்று கேட்டாள். அவள் மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. இந்தக் கருவியில் நிறத்துக்கு வேலையே இல்லை. நிறத்தை எடுத்துவிட்டு "நிறைமாலை" என்று வைக்கலாமா?

————

> நிறத்தை எடுத்துவிட்டு "நிறைமாலை" என்று வைக்கலாமா?

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நிறைகுடம், நிறைமதி என்று பழகிய காது இதையும் வினைத்தொகையாகவே கேட்கும்: நிறைந்த மாலை, நிறைகின்ற மாலை, நிறையும் மாலை. பூமாலையா, அந்திமாலையா என்ற ஐயம் வேறு. வருமொழியில் மெல்லினம் நிற்பதால் ஒற்று மிகுவதை வைத்தும் பிரித்தறிய முடியாது.

எடையைக் குறிக்கும் நிறை, "நிறு" என்ற வினையிலிருந்து வந்தது. தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியாக எண்ணி, அவற்றுக்கு முதலில் வரும் எழுத்துகள் ஒன்பது என்று வரையறுக்கிறது. நன்னூல் நல்லாசிரியனுக்கு உவமை சொல்லும்போது நிலம், மலை, மலர் இவற்றோடு நிறைகோலையும் வைக்கிறது. ஐயந்தீரப் பொருளை உணர்த்துவது துலாக்கோலின் இயல்பு, ஆசிரியனின் இயல்பும் அதுவே. இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்க, நாம் ஏன் மாலை கட்ட வேண்டும்? "அயனி நிறைகோல்" என்று வையுங்கள். கோல் என்ற சொல்லைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது, அடுத்த மடலில் வருகிறேன்.

————

ஐயா, நிறைகோல் என் மனதுக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இந்தக் கருவி எதையும் நிறுப்பதில்லை. மூலக்கூறை அயனியாக்கி, வெற்றிடத்தில் மின்புலத்திலோ காந்தப்புலத்திலோ விட்டு, அது எப்படி நகர்கிறது என்று பார்க்கிறது. கிடைப்பதும் நிறை அன்று, நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதம். 1000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) நிறையுள்ள பெப்டைடு, ஏறக்குறைய ஒரு டால்டன் நிறையுள்ள புரோட்டான்கள் இரண்டை ஏற்றுக்கொண்டால், 1002-ஐ இரண்டு மின்னூட்டத்தால் வகுக்க, அதன் முகடு 501-க்கு அருகில் நிற்கும். 'நிறைகோல்' என்று படித்த மாணவர் அந்த 501-ஐயே பெப்டைடின் நிறை என்று எழுதிவிடுவார்.

மாலையை விட்டுவிட வேண்டாம். பிரிட்டிஷ் அறிவியலாளர் ஆஸ்டன் 1919-இல் உருவாக்கிய இவ்வகைக் கருவியில் ஒவ்வொரு நிறையும் ஒளிப்படத் தகட்டில் தனித்தனிக் கோடாக விழுந்தது. பார்க்க ஒளி நிறமாலைக் கோடுகள் போலவே இருந்ததால்தான் ஸ்பெக்ட்ரம் என்ற பெயர் இங்கேயும் வந்தது. நிறம் போனாலும் கோர்த்த வரிசை அப்படியே இருக்கிறது, அந்த வரிசைதான் மாலை.

————

தங்கச்சி, ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இலங்கைப் பாடநூல்களில் நிறை என்றால் நீங்கள் எடை என்று சொல்வது. அதை நாங்கள் நியூட்டனில் அளக்கிறோம். கிலோகிராமில் அளப்பது திணிவு. "நிறைமாலை" என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் புவியீர்ப்பை எங்கே சேர்ப்பது என்று கேட்பார்கள். நீங்கள் மின்னூட்டம் என்பதும் எங்களுக்கு ஏற்றம். "திணிவுமாலை" என்றால் நிறைகுடச் சிக்கலும் போய்விடும்.

————

திணிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் "மானி" வேண்டவே வேண்டாம். அது வடமொழி. அளக்க "அளவி" இருக்கிறது. நோக்குவதற்கு நோக்கி, வரைவதற்கு வரைவி, அளப்பதற்கு அளவி. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வெப்பமானியைச் சகித்துக்கொண்டோம் என்பதற்காக ஒவ்வொரு புதுக் கருவிக்கும் மானியை ஒட்ட வேண்டியதில்லை.

————

நான் ஒரு ஆய்வகத்தில் இந்தக் கருவியை இயக்குகிறேன். வருகிற எல்லோரும் "மாஸ் ஸ்பெக்" என்றுதான் கேட்கிறார்கள். கலைச்சொல்லை மட்டும் போட்டால் அறை தெரியாமல் சுற்றுவார்கள். பெயரை எப்படியும் வையுங்கள், பக்கத்தில் "மாஸ் ஸ்பெக்" என்று தமிழ் எழுத்திலேயே போடுங்கள். மாதிரி சரியாக வந்து சேர்வதுதான் எனக்கு முக்கியம். நேற்றுகூட உப்பை நீக்காத மாதிரி ஒன்றால் தெளிப்பு ஊசி அடைத்து, அரை நாள் போயிற்று.

அப்புறம், கருவிக்குள் உடைவதற்கு முந்தைய அயனியையும் உடைந்து வரும் அயனியையும் "தாய் அயனி, மகள் அயனி" என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்திலேயே அந்த வழக்கைக் கைவிடச் சொல்லியாகிவிட்டது.

————

அன்புள்ள அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இனி என்னால் காத்திருக்க முடியாது. எண்ணிப் பார்த்ததில் என்னையும் சேர்த்து மாலைக்கு நான்கு பேர், கோலுக்கு ஒருவர். மாலைக்காரர்களுக்குள் நிறையா திணிவா என்பதில் இரண்டு பக்கமும் சமம். எங்கள் மாணவர்கள் பள்ளியில் நிறை என்றே படித்து வருவதால் "நிறைமாலை அளவி (மாஸ் ஸ்பெக்)" என்று போட்டுவிட்டேன். முதல் பக்கத்தின் அடியில் "இலங்கை வழக்கில்: திணிவுமாலை" என்று ஒரு வரியும் உண்டு. உடையும் அயனிக்கு "முன் அயனி", உடைந்து வருவதற்கு "விளை அயனி". அந்த மாணவியிடமே மறுபடி படிக்கக் கொடுத்தேன். நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மாலை என்றால் வரிசையா அக்கா?" என்றாள்.

————

அம்மா, அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு இழையில் பதிவாகட்டும்: நிறைமாலை வினைத்தொகையே. "விளை அயனி"யும் அப்படித்தான். ஆனால் அங்கே அது பொருளுக்கு இயைந்து வந்திருக்கிறது, மகிழ்ச்சி. கோல் பற்றிய மடலை இன்றிரவு அனுப்புகிறேன்.